சோழர் செப்புத் திருமேனிகள்: மெழுகில் முடிந்த வேலை எது, உளியில் முடிந்த வேலை எது?

#1 திருவாசி

சோழர் காலத் திருமேனிகளைப் பற்றிய பேச்சில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: "அன்று எல்லாம் மெழுகிலேயே முடிந்துவிடும், இன்று எல்லாம் உளியில்தான்." இது எவ்வளவு தூரம் சரி? திருமேனியின் முன் நின்று வெறுங்கண்ணால் பார்த்தே, இந்தக் கோடு மெழுகில் போட்டது, இது உளியில் வெட்டியது என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

கூடவே இரண்டு கேள்விகள். ஐம்பொன் என்கிறோமே, பழைய திருமேனிகளில் பொன்னும் வெள்ளியும் உண்மையில் எவ்வளவு இருக்கின்றன? முகம் மழுங்கிப்போன திருமேனிகள் வார்ப்பிலேயே அப்படி அமைந்தவையா, வழிபாட்டில் தேய்ந்தவையா?

பெருமைப் பேச்சு எங்கும் நிறையக் கிடைக்கிறது. செய்முறையும் அளவும் தெரிந்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

#2 வண்டல்மண்

மெழுகில் உருவைச் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவதுதான் முறை. மெழுகிலிருந்து தொடங்குகிறேன். அது எவ்வளவு நுணுக்கம் தாங்கும் என்று தெரிந்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

இன்றும் திருமேனி வார்க்கும் சுவாமிமலை மரபில் சொல்லப்படும் கலவை தேன்மெழுகு 4 பங்கு, குங்கிலியம் (மரப்பிசின்) 4 பங்கு, கடலை எண்ணெய் 1 பங்கு. 9 கிலோ கலவை வேண்டுமானால் மெழுகு 4 கிலோ, குங்கிலியம் 4 கிலோ, எண்ணெய் 1 கிலோ. குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் இளக்கி, மெழுகைச் சேர்த்து, சூடாக இருக்கும்போதே துணியில் வடிகட்டித் தண்ணீரில் விடுவார்கள். வடிகட்டாவிட்டால் குங்கிலியத்தில் உள்ள பட்டைத் துணுக்கும் மண்ணும் மெழுகில் தங்கி, பிறகு வார்ப்பில் குழியாக வெளிப்படும்.

மூன்றுக்கும் தனித்தனி வேலை உண்டு. மெழுகு வளைவு தரும், குங்கிலியம் விறைப்பு தரும், எண்ணெய் இரண்டையும் இணக்கும். குங்கிலியம் கூடினால் மெல்லிய விரல் முறியும், கீறும்போது விளிம்பு தெறிக்கும். எண்ணெய் கூடினால் கோடை வெயிலில் நீட்டிய கை தானாகத் தொங்கிவிடும். அதனால் பருவத்துக்கு ஏற்ப விகிதம் மாறும். நகை வேலைக்கு வளைவு அதிகம் வேண்டும் என்பதால் மெழுகைக் கூட்டுவார்கள். இப்போது பாரஃபின் மெழுகும் கலக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. நிலக்கடலை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர். சோழர் காலத்தில் இங்கே அது இருந்திருக்க முடியாது. ஆகவே இந்த விகிதத்தை அப்படியே 11ஆம் நூற்றாண்டின் மேல் ஏற்றிச் சொல்லாதீர்கள். "ஆயிரம் ஆண்டுகளாக மாறாத கலவை" என்று எழுதும் கட்டுரைகள் சறுக்கும் இடம் இது.

முகம், உடல், கைகள், கால்கள், பீடம் ஆகியவற்றைத் தனித்தனியாக மெழுகில் உருவாக்கி, தண்ணீரில் போட்டு இறுகவிட்டு, சூடேற்றிய இரும்பால் மூட்டுகளை இளக்கி ஒட்டுவார்கள். ஆரம், தோள்வளை, பூணூல் எல்லாம் நூலாக உருட்டிய மெழுகு. இரண்டு நூலை முறுக்கினால் முறுக்குச் சரடு, சிறு உருண்டையை வைத்து அழுத்தினால் மணி.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். வெறுங்கண்ணால் ஓரளவு பிரிக்கலாம், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் நன்றாகவே பிரிக்கலாம்.

மெழுகில் ஒட்டிய நகை உடலின் மேல் எழும்பி நிற்கும். அதன் அடி விளிம்பு உருண்டு உடலோடு சேரும். பூணூல் மார்பை விட்டு இறங்கி வயிற்றின் மேல் வளையும் இடத்தில் அந்தச் சரடு லேசாகச் சரிந்து படிந்திருந்தால் அது மெழுகில் வைத்ததுதான். மெழுகில் கீறிய கோட்டின் இரு கரைகளிலும் ஒதுக்கப்பட்ட மெழுகு மெல்லிய வரப்பாக எழும்பியிருக்கும். கோட்டின் அடி மழமழவென்று இருக்கும்.

உளிக்கோடு வேறு மாதிரி. ஒவ்வொரு சுத்தியல் அடிக்கும் ஒரு சிறு படி விழும். சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் கோட்டின் அடியில் அந்தப் படிகள் வரிசையாகத் தெரியும். கரை கூர்மையாக இருக்கும், வளைவில் கோடு சிறு சிறு நேர்த்துண்டுகளாக உடையும். நகை உடலின் மட்டத்திலேயே இருந்து, சுற்றியுள்ள பகுதி மட்டும் தாழ வெட்டப்பட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

#3 திருவாசி

மிக்க நன்றி. சாய்வெளிச்சம் பற்றிச் சொன்னது உடனே பயன்படும். ஆனால் ஒரு ஐயம். மெழுகில் அவ்வளவு நுணுக்கமாக வேலை செய்தாலும், அதன் மேல் பூசும் மண் அந்த நுணுக்கத்தை அப்படியே வாங்கிக்கொள்ளுமா? உலோகம் ஊற்றிய பிறகு எவ்வளவு மிஞ்சும்?

#4 வண்டல்மண்

வாங்கிக்கொள்ளும், முதல் பூச்சு சரியாக இருந்தால். காவிரிக் கரையில் இந்தத் தொழில் வேரூன்றியதற்கு அந்த வண்டலும் ஒரு காரணம்.

முதல் பூச்சுக்கு நன்றாகச் சலித்த வண்டல் மண். கரியாக்கிய உமியை அரைத்துச் சேர்ப்பதும் உண்டு. தண்ணீரில் கூழ் போலக் கரைத்து, நகை இடுக்கு, விரல் சந்து, காதோரம் எல்லாம் நிரம்பும்படி தடவ வேண்டும். கனம் 3 மி.மீ. அளவு போதும். இந்தப் பூச்சுக்குள் காற்றுக்குமிழி சிக்கினால் அந்த இடத்தில் உலோகம் புகுந்து வார்ப்பில் சிறு உருண்டையாக நிற்கும். பழைய திருமேனிகளின் அக்குளிலும் பீடத்து இதழ் இடுக்கிலும் இப்படிப்பட்ட உருண்டைகள் சீவப்படாமலே இருப்பதைப் பார்க்கலாம். அங்கே உளி போகவே இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

காய வைப்பது நிழலில்தான். வெயிலில் வைத்தால் உள்ளே மெழுகு இளகும், மேலே மண் சுருங்கும், இரண்டுக்கும் நடுவில் வெடிப்பு விழும். அந்த வெடிப்பில் உலோகம் பாய்ந்து, பிறகு தகடு போல நீட்டிக்கொண்டு நிற்கும். அதைச் சீவினால் அந்த இடத்தின் மெழுகு வேலை போய்விடும்.

இரண்டாம் பூச்சு வயல் களிமண்ணும் மணலும். மூன்றாவது, பருமணல் கூடிய களிமண். பெரிய உருவானால் இரும்புக் கம்பியோ பட்டையோ சுற்றிக் கட்டி, அதன் மேலும் மண். உள்ளிருந்து வெளியே போகப் போக மண்ணில் மணல் கூடிக்கொண்டே போக வேண்டும். உள் பூச்சு நுணுக்கத்தைப் பிடிக்கும், வெளிப் பூச்சு ஆவியையும் காற்றையும் வெளியே விடும். எல்லாப் பூச்சுக்கும் மெல்லிய வண்டலையே பயன்படுத்தினால் அச்சு மூச்சுவிடாது.

உலோகம் இறங்கும் குழலும் காற்று வெளியேறும் குழல்களும் மெழுகுக் கம்பிகளாக முதலிலேயே வைக்கப்பட்டிருக்கும், பெரும்பாலும் முதுகுப் பக்கம். திருமேனியின் பின்புறத்தைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் அந்தக் குழல்களை வெட்டி அராவிய தடம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

வறட்டி நெருப்பில் அச்சைச் சூடாக்கி மெழுகை வடித்த பிறகு, அச்சு செஞ்சூடு ஏறும் வரை சுட வேண்டும். உள்ளே துளி மெழுகோ ஈரமோ மிஞ்சக் கூடாது. ஈரம் இருந்தால் ஊற்றும்போது ஆவியாகி உலோகத்தை வெளியே வீசும். அருகில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. அச்சைக் குழியில் வாய் மட்டும் தெரியப் புதைத்து, சூடு ஆறுவதற்குள் ஊற்றிவிட வேண்டும். அச்சு ஆறிப்போனால் உலோகம் விரல் நுனிவரை போய்ச் சேராது.

#5 மூசை

உலோகத்தைப் பற்றி நான் எழுதுகிறேன்.

ஐம்பொன் என்றால் செம்பு, வெள்ளீயம் அல்லது துத்தநாகம், காரீயம், வெள்ளி, பொன் என்று பட்டியல் சொல்வார்கள். ஆய்வில் கிடைப்பது வேறு. முனைவர் சாரதா சீனிவாசன் தென்னிந்தியத் திருமேனிகள் 130 அளவில் எடுத்துப் பகுத்துப் பார்த்தார். ஐந்தில் நான்கு பங்கு, காரீயம் கலந்த வெண்கலம். அதாவது செம்பும் வெள்ளீயமும் காரீயமும். வெள்ளீயம் அதிகபட்சம் 15 விழுக்காட்டை ஒட்டி நின்றுவிடுகிறது. காரீயம் சிலவற்றில் 25 விழுக்காடு வரை போகிறது. மீதியில் பெரும்பகுதி காரீயம் கலந்த பித்தளை. பொன்னும் வெள்ளியும் எல்லாவற்றிலும் சுவடு அளவுதான்.

பொன் போடவே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. 50 கிலோ உருக்கில் (உருக்கிய உலோகத்தில்) ஒரு சிறு பொன் துண்டு போட்டால் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. வார்ப்பின்போது பொன்னும் வெள்ளியும் இடுவது நேர்த்திக்கடனாகச் செய்யப்படும் சடங்கு, உலோகத்தின் குணத்தை அது மாற்றுவதில்லை. "ஐம்பொன் சிலையில் கோடிக்கணக்கில் தங்கம்" என்ற நம்பிக்கையால் எத்தனையோ திருமேனிகள் அறுபட்டிருக்கின்றன. அறுத்தால் கிடைப்பது செம்பும் ஈயமும்தான் என்று இணையத்தில் யாராவது அழுத்திச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

வெள்ளீயம் ஏன் 15 விழுக்காட்டைத் தாண்டவில்லை? அதற்கு மேல் போனால் செம்புக்குள் வெள்ளீயம் முழுதும் கரைந்து நிற்காமல் கடினமான, நொறுங்கும் தன்மையுள்ள தனிப் படிகமாகப் பிரியும். கோயில் மணிக்கு அது ஒலி தரும். திருமேனிக்கு அது ஆகாது. பல்லக்கில் எழுந்தருளும்போது ஒரு இடி பட்டால் விரல் முறியும்.

காரீயம் செம்பில் கரையாது. உருகிய நிலையில் கலங்கி நின்று, இறுகும்போது சிறு சிறு துளிகளாக ஆங்காங்கே தங்கிவிடும். நன்மை என்னவென்றால், உருக்கு இளகி ஓடும், நுணுக்கமான இடங்களில் புகும், பிறகு அரத்துக்கும் உளிக்கும் எளிதாக இணங்கும். தீமை, அது கனமானது என்பதால் கிண்டாமல் ஊற்றினால் அடியில் தங்கும். அப்போது ஒரே திருமேனியில் ஒரு பக்கம் காரீயம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் இருக்கும். ஆகவே ஒரே இடத்தில் சுரண்டி எடுத்த மாதிரியை வைத்து முழுத் திருமேனிக்கும் விகிதம் சொல்வது தவறான முடிவுக்குக் கொண்டுபோகும்.

இன்றைய சுவாமிமலைக் கலவையில் செம்பு 82 முதல் 85 விழுக்காடு, பித்தளை 14, 15 விழுக்காடு, மிச்சம் காரீயம் என்ற அளவு பரவலாகச் சொல்லப்படுகிறது. சோழர் வெண்கலத்துக்கும் இதற்கும் முதல் வேறுபாடு இங்கேதான். வெள்ளீயத்தின் இடத்தில் துத்தநாகம் வந்துவிட்டது. துத்தநாகம் 907 பாகை செல்சியசில் கொதிக்கும், செம்பு உருகவே 1085 பாகை வேண்டும். ஆகவே பித்தளையைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் வெள்ளைப் புகையாகப் போய்க்கொண்டே இருக்கும், நிறமும் விகிதமும் மாறும், புகை உடம்புக்கும் கேடு.

ஊற்றும் சூடு ஏறத்தாழ 1100 முதல் 1150 பாகை. குறைந்தால் நுனிகள் நிரம்பாது. மிஞ்சினால் உருக்கு காற்றை உறிஞ்சி, இறுகும்போது வெளியே விட்டு, உடல் முழுக்க நுண்துளை விழும். உருக்கின் மேல் கரியைத் தூவி மூடி வைப்பது இதைக் குறைக்கத்தான்.

#6 திருவாசி

எவ்வளவு உலோகம் உருக்க வேண்டும் என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? குறைந்துபோனால் நடுவில் மீண்டும் ஊற்ற முடியாதே.

#7 மூசை

மெழுகு உருவைக் குழல்களோடு சேர்த்து எடை போட்டுவிடுவார்கள். மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் உள்ள 12ஆம் நூற்றாண்டின் மானசோல்லாசம் இந்தக் கணக்கைச் சொல்கிறது: செம்புக்கும் பித்தளைக்கும் மெழுகைப் போல எட்டு அல்லது பத்து மடங்கு, வெள்ளிக்கு 12 மடங்கு, பொன்னுக்கு 16 மடங்கு. உலோகங்களின் அடர்த்தியோடு ஒப்பிட்டால் செம்பின் கணக்கு சரியாகப் பொருந்துகிறது. குங்கிலியம் சேர்ந்த மெழுகு கிட்டத்தட்ட தண்ணீரின் அடர்த்தி, வெண்கலம் அதைப் போல 8.7 மடங்கு. 6 கிலோ மெழுகு என்றால் 52 கிலோ கட்டாயம். மூசையில் (உலோகம் உருக்கும் கலத்தில்) ஒட்டுவது, கசடு, வாயில் நிற்பது எல்லாம் சேர்த்து 60 கிலோ உருக்கினால்தான் நிம்மதி.

நடுவில் நிறுத்தி மீண்டும் ஊற்றினால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். முதலில் ஊற்றியதன் மேல் தோல் இறுகியிருக்கும், அடுத்தது அதோடு சேராது. சுற்றிலும் ஒரு கோடு ஓடும். அது வெறும் மேற்பூச்சுக் கோடாக இருக்காது, அந்த இடத்தில் இரண்டு துண்டு. இரண்டு மூன்று மூசை வேண்டியிருந்தால், ஒன்று முடிவதற்குள் அடுத்ததன் ஓட்டம் தொடங்கிவிட வேண்டும்.

#8 படியெடுப்பு

கல்வெட்டுப் பக்கமிருந்து சில சான்றுகள்.

தஞ்சைப் பெரிய கோயிலின் முதலாம் இராசராசன் கல்வெட்டுகள் அரசனும் அரச குடும்பத்தாரும் அதிகாரிகளும் எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளைப் பட்டியலிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் "பாதாதிகேசாந்தம்" இத்தனை விரல் உயரம், கை எத்தனை, பீடம் எவ்வளவு, பிரபை (உருவைச் சுற்றி நிற்கும் ஒளிவளையம்) உண்டா என்று தனித்தனியாகச் சொல்லப்படும். கனமாக, அதாவது உள்ளே குடைவில்லாமல், செய்யப்பட்டது என்பதும் தவறாமல் குறிக்கப்படும். இராசராசனின் தமக்கை குந்தவையார் தம் தந்தை பொன்மாளிகைத் துஞ்சின தேவருக்கும் (சுந்தர சோழர்) தாய்க்கும் திருமேனிகள் எடுத்ததும் இந்தப் பட்டியலில்தான் வருகிறது. அவற்றுக்கு அளித்த பொன் "ஆடவல்லான்" என்னும் எடைக்கல்லால் நிறுக்கப்பட்டது.

பாதம் முதல் கேசம் வரை என்பதைக் கவனியுங்கள். மகுடமும் பீடமும் இந்த உயரத்தில் சேராது. அருங்காட்சியகப் பட்டியல்களோ பெரும்பாலும் பீடத்தோடு மொத்த உயரத்தைத் தருகின்றன. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு "கல்வெட்டில் உள்ளது இந்தத் திருமேனிதான்" என்று எழுதுபவர்கள் இந்த இடத்தில் தவறுகிறார்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, திருவெண்காட்டுத் திருமேனிகளை அளவுகோலாகக் கொள்ளுங்கள். இடபவாகனர் (காளையை ஊர்தியாக உடைய சிவன்) 1011, அவருடைய தேவி 1012, பிட்சாடனர் (பிச்சை ஏற்கும் கோலச் சிவன்) 1048 என்று கல்வெட்டுச் சான்றோடு நிற்கின்றன. இப்படிக் காலம் உறுதியானவை மிகக் குறைவு. மற்றவற்றை இவற்றோடும், சோழ அரசி செம்பியன் மாதேவி காலத்துக் கோயில்களின் கற்சிற்பங்களோடும் ஒப்பிட்டுத்தான் காலம் குறிக்கிறோம்.

முதல் பதிவில் உள்ள வாக்கியத்துக்கு என் மறுப்பு இதுதான். "அன்று உளியே படவில்லை" என்பது மிகை. குழல்களை வெட்ட, வெடிப்பில் பாய்ந்த தகட்டை எடுக்க, மேற்பரப்பைச் சீர்செய்ய, கண் திறக்க உளியும் அரமும் கட்டாயம் வேண்டும். இடபவாகனரின் தலைப்பாகையாகச் சுற்றிய பாம்புகளும் சடையும் மெழுகில் பிறந்தவை என்பது கண்கூடு. ஆனால் எல்லாத் திருமேனியும் அந்தத் தரம் அல்ல. ஊர்க் கோயில்களுக்கு வார்த்த சிறு திருமேனிகளில் 11ஆம் நூற்றாண்டிலும் உளிக்கோடு நிறைய உண்டு.

#9 வண்டல்மண்

> "அன்று உளியே படவில்லை" என்பது மிகை.

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. மெழுகில் வடிவத்தையே முடித்துவிட்டு, உலோகத்தில் துப்புரவு மட்டும் செய்வது ஒரு முறை. மெழுகில் பருமனான உருவை வைத்து, நகையையும் ஆடை மடிப்பையும் உலோகத்தில் வெட்டி எடுப்பது இன்னொரு முறை. பிந்தைய முறையில் மெழுகை ஒரு சுற்றுப் பருமனாகவே வைக்க வேண்டும், சீவப்போகிற அளவுக்கு இடம் விட்டு. அப்படிச் செய்த திருமேனியில் தோள் இறங்கும் வளைவு தட்டையாகும், மடிப்புகள் ஒரே ஆழத்தில் ஓடும். நாயக்கர் காலம் தொட்டு இந்தப் போக்கு கூடுவதைக் காணலாம்.

இன்று உளி வேலை கூடியதற்குக் கைத்திறன் குறைந்தது காரணம் என்று நான் நினைக்கவில்லை. துத்தநாகம் கூடிய உலோகம், பாரஃபின் கலந்த மெழுகு, பளபளப்பையும் கூர்மையான கோட்டையும் கேட்டு வாங்குபவர் விருப்பம், இவை மூன்றும் சேர்ந்து வேலையை உலோகத்தின் பக்கம் தள்ளுகின்றன. இதே சிற்பிகள் சோழர் பாணி என்று கேட்டால் மெழுகிலேயே நேரத்தைச் செலவிடுகிறார்கள்.

நடராசர் பற்றி ஒரு குறிப்பு. பிரபையின் தீச்சுடர்கள் மெல்லியவை, சீக்கிரம் ஆறுபவை. உடலோ கனம். ஒரே வார்ப்பில் இரண்டும் சேர்ந்தால் சுடர் நுனிகள் நிரம்பாமல் போகும், அல்லது கனமான இடை கடைசியில் இறுகும்போது சுருங்கிப் பள்ளம் விழும். அதனால் பெரிய நடராசர்களில் பிரபையைத் தனியாக வார்த்து, பீடத்தில் உள்ள துளைகளில் முளை வைத்துப் பொருத்துவார்கள். உடலோடு சேர்த்து வார்த்தவற்றில் விரிசடை இழைகளும் கையும் ஆடைநுனியும் பிரபையைத் தொடும் இடங்கள் தாங்கலாகவும் உலோகம் ஓடும் வழியாகவும் இருக்கின்றன. அழகுக்கென்று நாம் நினைக்கும் பல இணைப்புகள் வார்ப்புக்கும் தேவையானவை.

#10 ஒடியோலை

அளவைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். மெழுகைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடும் வேலை இது.

தென்னை ஓலையைத் திருமேனியின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துப் பங்கு குறிப்பார்கள். சிவன், திருமால், நான்முகன் ஆகியோருக்கு உத்தம தசதாளம் (சிற்ப நூல்களின் பத்துத் தாள அளவுமுறையில் உயர்ந்தது), மொத்தம் 124 பங்கு. தேவியருக்கு மத்திம தசதாளம், 120 பங்கு. உத்தம தசதாளத்தில் உச்சி முதல் நெற்றிமயிர் வரை 4, முகம் 13½, கழுத்து 4, கழுத்தடி முதல் மார்பு வரை 13½, மார்பு முதல் உந்தி வரை 13½, உந்தி முதல் மூலம் (தொடை தொடங்கும் இடம்) வரை 13½, தொடை 27, முழங்கால் 4, கணைக்கால் 27, பாதம் 4. கூட்டினால் 124 சரியாக வரும். ஒரு பங்கு ஒரு அங்குலம், அதை எட்டாகப் பிரித்தால் யவம். இந்த அங்குலம் திருமேனிக்குத் திருமேனி மாறும், அந்தந்த உருவின் உயரத்திலிருந்து பிறப்பது.

உதாரணமாக, பாதாதிகேசாந்தம் 62 செ.மீ. வேண்டுமென்றால் ஒரு பங்கு 0.5 செ.மீ., முகம் 6.75 செ.மீ. வெண்கலம் இறுகி ஆறும்போது ஏறத்தாழ 1.5 விழுக்காடு சுருங்கும். வார்த்த பிறகு அளந்தால் 61 செ.மீ. சுற்றளவில்தான் இருக்கும். விகிதம் பெரிதும் மாறாது. ஆகவே பழைய திருமேனியை அளப்பவர்கள் பாதாதிகேசாந்த உயரத்தை 124ஆல் வகுத்துக்கொண்டு உறுப்புகளை ஒப்பிட வேண்டும், செ.மீ. எண்ணை நேரே சிற்ப நூலின் அளவோடு ஒப்பிடக் கூடாது.

திரிபங்கத்தில் (உடல் மூன்று இடத்தில் வளைய) நிற்கும் திருமேனியில் உச்சியிலிருந்து நேராகத் தொங்கும் நூல் எந்த உறுப்பை எவ்வளவு விலகிச் செல்கிறது என்பதும் அளவின் பகுதி. அந்தக் கணக்குத் தவறினால் உருவம் நிற்காது, சாயும். கனமான வார்ப்பு என்பதால் பீடத்து முளையின் மேல் அந்தச் சாய்வு ஓயாமல் அழுத்தும், கணுக்காலில் வெடிப்புத் தொடங்கும்.

#11 பச்சைக்களிம்பு

மூன்றாவது கேள்விக்கு, மழுங்கிய முகம்.

பெரும்பாலும் வழிபாட்டுத் தேய்வுதான். அதைக் கண்டுபிடிப்பது கடினம் இல்லை. தேய்வு துருத்தி நிற்கும் இடங்களில் விழும்: மூக்கு, உதடு, மார்பு, முழங்கால், தூக்கிய கையின் விரல் முதுகு. முதுகுப்புறச் சிரச்சக்கரமும் (தலையின் பின்னுள்ள வட்டம்) சடையின் பின் சுருள்களும் அதே திருமேனியில் கூர்மையாக இருக்கும். வார்ப்புக் குறையானால் அப்படி இடம் பார்த்து வராது. இடுக்கு, நுனி, குழலிலிருந்து தூரமான பகுதி என்று வரும்.

தேய்வுக்குக் காரணம் திருமஞ்சனம் மட்டும் இல்லை. அதன் பிறகு திருநீறும் புளியும் போட்டுத் தேய்ப்பது. திருநீறு நுண்ணிய தேய்பொடி, புளி அமிலம். நூற்றாண்டுகளாகச் சேர்ந்தால் உலோகம் கரையும். மண்ணுக்குள் நெடுங்காலம் இருந்தவை பெரும்பாலும் கூர்மையாகத் தெரிவதற்குக் காரணமும் இதுதான். 1311இல் மாலிக் காபூர் படையெடுப்பும் அதை ஒட்டிய குழப்பங்களும் வந்தபோது பல ஊர்களில் திருமேனிகளைப் புதைத்தார்கள். அவை தேய்வுக்குத் தப்பின.

மழுங்கிய முகத்தில் பிற்காலத்தில் கண், புருவம், உதட்டை உளியால் மீண்டும் வெட்டியிருப்பார்கள். இதுதான் காலக்கணிப்பில் பெரிய பொறி. உடல் 10ஆம் நூற்றாண்டு, கண் 17ஆம் நூற்றாண்டு என்று ஒரே திருமேனியில் இருக்கும். வண்டல்மண் சொன்ன உளிப்படிகள் கண்ணில் மட்டும் இருந்து, ஆரத்தில் இல்லை என்றால் அதைக் கொண்டு திருமேனியையே பிற்காலத்தது என்று தள்ளிவிடாதீர்கள்.

பராமரிப்பில் அஞ்ச வேண்டியது குளோரைடு நோய். வெளிர்பச்சைத் தூள் புள்ளி புள்ளியாகக் கிளம்பும், துடைத்தால் போகும், சில நாளில் அதே இடத்தில் வரும். கீழே குழி விழுந்திருக்கும். உப்புள்ள மண்ணில் கிடந்த உலோகத்துக்குள் தங்கிய செம்புக் குளோரைடு, காற்றின் ஈரத்தோடும் உயிர்வளியோடும் சேர்ந்து அமிலம் உண்டாக்கி, அந்த அமிலம் மேலும் செம்பைத் தின்னும். அதனால் அது தானாக நிற்காது. கெட்டியான, மழமழப்பான பச்சையோ பழுப்போ நோய் இல்லை. அது உலோகத்தைக் காக்கும் படலம், அதைச் சுரண்டக் கூடாது.

முதல் வேலை ஈரப்பதத்தை 40 விழுக்காட்டுக்குக் கீழே வைப்பது. பிறகு ஆய்வுக்கூடத்தில் சோடியம் செஸ்குவிகார்பனேட்டுக் கரைசலில் ஊறவைத்துக் குளோரைடை எடுப்பார்கள், கரைசலை மாற்றி மாற்றி, சோதனையில் குளோரைடு வருவது நிற்கும் வரை. அதன்பின் எத்தனாலில் 3 விழுக்காடு பென்சோட்ரையசோல். இது நச்சு, கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் தொடக் கூடாத பொருள். கோயிலில் யாரும் இதைத் தாமே செய்ய முயல வேண்டாம். கடையில் விற்கும் பித்தளை மெருகுப் பசைகள் அதைவிடக் கெடுதல். அம்மோனியா உள்ளவை செம்பை நேரடியாகத் தாக்கும், மீதிப் பசை இடுக்குகளில் தங்கி வெள்ளையாகக் காயும்.

வழிபாட்டில் உள்ளவற்றுக்குச் சொல்லக்கூடியது எளிது. திருமஞ்சனம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, பால், தயிர், எலுமிச்சை எச்சம் இல்லாமல், மெல்லிய பருத்தித் துணியால் இடுக்குகள் உட்பட ஈரம் ஒற்றி எடுங்கள். புளி வேண்டாம்.

#12 திருவாசி

எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தது. கடைசியாக ஒன்று. நிலத்தில் தோண்டும்போது திருமேனி கிடைத்தால், அதைக் கழுவிப் பார்க்கலாமா? பல செய்தித்தாள் படங்களில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறார்களே.

#13 படியெடுப்பு

கழுவவே கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி வட்டாட்சியர் வழியாக மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அதுவரை கிடைத்த இடத்திலேயே, அல்லது அதே மண்ணோடு நிழலில் வைத்திருக்க வேண்டும்.

மண் ஏன் முக்கியம் என்பதற்குப் பத்தூர் நடராசர் வழக்கு இருக்கிறது. 1976இல் பத்தூரில் மண்ணிலிருந்து வெளிப்பட்டு, கைமாறி இலண்டன் போன திருமேனி. அது அந்த ஊரில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு புதைந்திருந்ததா என்பதே வழக்கின் மையம். ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமும் உலோகப் பகுப்பும் அங்கே சாட்சியாயின. 1991இல் நடராசர் திரும்பினார். யாராவது புளி போட்டுத் தேய்த்திருந்தால் அந்தச் சாட்சியில் பாதி போயிருக்கும்.

#14 பச்சைக்களிம்பு

அதோடு, ஒவ்வொரு கோயிலும் தன் திருமேனிகளுக்கு முன், பின், இரு பக்கம், பீடத்தின் அடி என்று ஐந்து படமாவது எடுத்து வைக்க வேண்டும், அளவுகோலைப் பக்கத்தில் வைத்து. சிவபுரம் நடராசர் 1950களில் பழுதுபார்க்கப் போனபோது கோயிலுக்குத் திரும்பியது அதன் படி. மூலம் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை வரை போய் 1980களில்தான் இந்தியா வந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் கோயில்களில் எடுத்து வைத்த பழைய படங்கள்தான் இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் உள்ள பல திருமேனிகளை இன்ன ஊருடையது என்று அடையாளம் காட்டின.

படம் எடுக்கும்போது முகத்தைவிடக் குறைகளுக்கு முதலிடம் கொடுங்கள். வார்ப்புக் குமிழி, ஒட்டுப் போட்ட இடம், பீடத்தின் அடியில் உள்ள துளை, வெட்டிய குழலின் தடம். பாணியைப் பார்த்துப் படி எடுப்பவர் முகத்தையும் நகையையும் அப்படியே கொண்டுவந்துவிடுவார். அக்குளில் இருக்கும் 2 மி.மீ. உருண்டையை அதே இடத்தில் கொண்டுவர மாட்டார்.

#15 வண்டல்மண்

பீடத்தின் அடிப்படத்தை மறக்காதீர்கள். பத்ம (தாமரை) பீடத்தையும் பத்திர (சதுரப்) பீடத்தையும் உள்ளே குடைவாகத்தான் வார்ப்பார்கள். அச்சின் உட்கரு மண் அந்தக் குடைவில் சில சமயம் இன்றும் ஒட்டியிருக்கும். கருமையாகச் சுட்டிருக்கும். உமிக்கரி கலந்திருந்தால் லென்சில் தெரியும். சுத்தம் செய்வதாக நினைத்து அதைச் சுரண்டி எறிந்துவிடுகிறார்கள். அந்த மண் எந்த ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது என்று ஒப்பிட முடிந்தால், திருமேனி எங்கே வார்க்கப்பட்டது என்பதற்கு உலோகத்தைவிட அதுவே நெருக்கமான சாட்சி.